முந்நூற்று முப்பது வோல்ட்

எங்கள் பாடநூலில் கலம் என்றால் உயிரின் சிற்றறை.
சீனக்குடாவில் கலம் என்றால் கோதுமை ஏற்றிவரும் கப்பல்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்
இந்த ஊர்ப் பக்கம் வந்துபோனவராக இருக்கவேண்டும்.

காலை எட்டரை. மேசையில் இரண்டு குடுவை மதுவம்.
ஒன்று சல்லிக் கரையில் ஒரு பனைமுட்டியிலிருந்து,
கதிரமலை இறக்கிய கள்ளில்,
சோடாப் போத்தலின் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது.
ஊதாக் கதிரில் மூன்று வாரம் வைத்து
அடினின் செய்வதை அதற்கு மறக்கப் பண்ணினோம்.
அந்த மறதியில் அது இளஞ்சிவப்பாகிப் போயிற்று.
மற்றது பாண் பேக்கரியின் வெள்ளை மதுவம்.
அதற்கு மறந்தது லூசின்.

நத்தையின் குடலில் எடுத்த நொதியம்
கலச்சுவரைத் தின்ன நாற்பது நிமிடம் எடுக்கும்.
சுவர் போனபின் எஞ்சுவது ஒரு குமிழ்.
நல்ல தண்ணீர் பட்டாலே வெடித்துவிடும்.
ஆகையால் சோர்பிட்டோல், ஒரு மோலர்,
நாக்கில் வைத்தால் இனிக்கும்
(வைக்கக்கூடாது. வைத்தேன்).

மெஷின் வாங்கக் காசில்லை.
உட்துறைமுக வீதியில் பூட்டிக் கிடந்த ஸ்டூடியோவிலிருந்து
ஒரு பழைய பிளாஷ் லைட்டைத் தூக்கி வந்தாள் நுஸ்கியா.
எத்தனை கலியாணங்களில் கண்கூச வைத்ததோ,
அதன் கொள்ளளவி இன்னும் முந்நூற்று முப்பது வோல்ட் பிடிக்கிறது.
கண்ணாடித் தகட்டில் இரண்டு கம்பி,
இடையில் அரை மில்லிமீற்றர்,
அந்த இடுக்கில் ஒரு துளி.

முதலில் மெல்லிய மாறுமின்.
கலங்கள் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டி
வரிசைக்கு வருகின்றன.
புத்தகம் இதை முத்துமாலை என்கிறது.
மண்ணெண்ணெய்க் கியூ என்றாள் நுஸ்கியா.
அந்த வருஷம் கிண்ணியாவில் கானோடு நின்றவள்.
அவள் சொன்னதையே குறிப்பேட்டில் எழுதினேன்.

பிறகு பொத்தான்.
டிக்.
பல்லி சொன்ன அளவுகூட இல்லை.

தொட்டுக்கொண்டிருந்த இடத்தில்
இரண்டு மென்சவ்வுகளும் ஓட்டையாகி
எது யாருடைய விளிம்பென்று தெரியாமல் மூடிக்கொள்கின்றன.
முதலில் எட்டு வடிவம்.
பிறகு நிலக்கடலைக் கோது.
பிளேன்டீ ஆறுவதற்குள் ஒரே வட்டம்.
பக்கத்தில் வெடித்துச் சிதறியவை ஏராளம்.
அவற்றை எண்ணுவதும் என் வேலை.

போன மாதம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர்
நுணுக்குக்காட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு
“அருமை! சுவரை உடைத்தால் சேரலாம்,
நாட்டுக்கே இது பாடம்” என்றார்.
நுஸ்கியா கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்:
“சுவர் இல்லாட்டி இதுகளில தொண்ணூறு வீதம் மௌத்து, சேர்.
சேர்ந்ததுகளும் முதல் வேலையா
புதுச்சுவர்தான் கட்டுதுகள்.”
அவர் சிரித்தார். படம் எடுத்துக்கொண்டார்.
பிளாஷ் போடவில்லை.

அடினினும் இல்லாத லூசினும் இல்லாத தட்டில் பூசினோம்.
தனியே நிற்கும் எதுவும் அங்கே பட்டினி கிடக்கும்.
அன்றிரவே கரண்ட் போயிற்று.
இன்குபேட்டர் நின்றதற்கு யாரும் பதறவில்லை,
ஆவணி மாதத்துத் திருகோணமலைக்கே முப்பது பாகை.
தட்டுகளை மேசையிலேயே விட்டுப் பூட்டினோம்.
பஸ் நிலையத்தில் ஒரு மான்
பாண் சுற்றிய தாளை மென்றுகொண்டு நின்றது.

ஆறாம் நாள், மூன்று புள்ளி.
வெள்ளை.
நுஸ்கியா ஒன்றும் பேசாமல் என் தோளில் அடித்தாள், நோக.

மூன்றையும் குறையில்லாத உணவுக்கு மாற்றினோம்.
முதலாவது வெள்ளை. இரண்டாவது வெள்ளை.
மூன்றாவதின் ஓரத்தில்
கேக்கில் வெட்டிய துண்டுபோல
ஓர் இளஞ்சிவப்புக் கீற்று.
எல்லாம் தட்டிலேயே கிடைத்ததும்
சேர்ந்திருக்கத் தேவையில்லாமல் போயிருக்கலாம்.

“இதை வீசவோ?” என்று கேட்டேன்.
“ஏன்?” என்றாள்.
பேனாவை எடுத்து அதன் மூடியில்
திகதியை எழுதினாள்,
மற்ற இரண்டிலும் எழுதிய அதே அளவில்.